மதிப்பிற்குரிய ஐயாவோடு நின்றது

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் அரைப்புள்ளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணினி நிரலில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டு, அது எங்கே எங்கே என்று நாள் பூராவும் தேடினார். அன்றோடு சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான். பயந்த சுபாவம்; மேலாளர் இருமினாலே எழுந்து நின்றுவிடுவார். பக்கத்து நாற்காலிக்காரனான எனக்கு அவரைப் பார்த்தால் எரிச்சலும் வரும், பிரியமும் வரும்.

மருத்துவமனை ஊழியர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இடமாற்றம் கேட்கும் இணையப் படிவம் அவர் பொறுப்பு. காரணம் எழுத அதில் ஒரு பெரிய பெட்டி உண்டு. அவருடைய அக்கா வெளியூரில் நர்ஸ். அக்காவின் கணவர் பக்கவாதம் வந்து, பெரிய டாக்டர் இங்கே இருப்பதால், அரைப்புள்ளி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். லீவு கிடைத்தால் அக்கா பஸ் பிடித்து வருவாள்; துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, அழுதுகொண்டே திரும்புவாள். மாற்றல் வந்தால்தான் இருவரும் ஒரு வீட்டில் இருக்க முடியும்.

"மரியாதையா எழுதுக்கா. மேல மதிப்பிற்குரிய ஐயான்னு போடு. அப்புறம் கீழ பத்தி பிரிச்சு விஷயத்தச் சொல்லு" என்று போனில் சொல்லிக்கொடுத்தவர் இவரேதான்.

அக்காவுக்குப் பதில் வந்தது: 'காரணம் குறிப்பிடப்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது.'

அரைப்புள்ளி பதறிப்போய், விண்ணப்பங்கள் சேமித்திருந்த கோப்பைத் திறந்தார். அக்காவின் விண்ணப்பத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' மட்டும் இருந்தது. நிரல் முதல் வரியை எடுத்துக்கொண்டு, என்டர் தட்டிய இடத்துக்குக் கீழே உள்ளதையெல்லாம் தூக்கி எறிந்திருந்தது. முன்பு படிவத்தைச் சோதித்தபோது இவர் பெட்டியில் 'சோதனை' என்று ஒரே ஒரு சொல்லை அடித்தார். அது சமர்த்தாகப் போய்ச் சேர்ந்தது, அத்தோடு விட்டுவிட்டார். இப்போது பார்த்தால் வரிசையாக ஐயா, ஐயா, ஐயா. மரியாதை தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அவுட். 'இந்த ஊர் தண்ணி ஒத்துக்கல, மாத்துங்க' என்று ஒரே மூச்சில் எழுதிய புண்ணியவானுக்கு மாற்றல் கிடைத்திருந்தது!

மேலாளரிடம் ஓடினோம்.

"சார், அவங்கல்லாம் காரணம் எழுதியிருக்காங்க. நம்ம நிரல்தான் வாங்கல" என்றார் அரைப்புள்ளி.

"எழுதினது எங்க? காட்டுங்க."

"இல்ல சார். போயிடுச்சு."

"அப்ப எத வெச்சு மறுபடி பாக்கறது? மாற்றல் பட்டியல்ல கையெழுத்தும் ஆயாச்சு. அடுத்த வருஷத்துக்குள்ள சரி பண்ணி வைங்க."

என் வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் நான் இன்று இந்த வேலையில் இல்லை. அரைப்புள்ளி "சரிங்க சார்" என்றார்.

சரிசெய்வது ஒரு பெரிய வேலையே இல்லை. டீ ஆறுவதற்குள் முடிந்தது. பத்தி பத்தியாக அடித்துப் பார்த்தோம், ஒரு வரி விடாமல் வந்து விழுந்தது. பாவம், யாருக்கு என்ன பிரயோஜனம்?

அக்கா கூப்பிட்டாள். அவர் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அவ்வளவையும் படிச்சுட்டுமாடா இல்லன்னு சொன்னாங்க?"

"யாரும் படிக்கலக்கா. எங்க நிரல் முதல் வரியோட நிறுத்திடுச்சு. தப்பு என்னோடதுதான். இப்ப சரி பண்ணிட்டேன். அடுத்த வருஷம் அதையே திரும்பப் போட்டுடு."

"அதையேன்னா? நேரா அந்தப் பெட்டியிலதான் அடிச்சேன். என்கிட்ட ஏது?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"உங்க மாமா போயிட்டா தேவலன்னு ஒரு நாள் எனக்குத் தோணிடுச்சு. அத அதுல எழுதியிருந்தேன்டா. உன்கிட்ட கூட சொன்னதில்ல. இன்னொரு வாட்டி அத எப்படிடா எழுதுவேன்?"