கயிற்றில் தொங்கியபடி எடுத்த படம்

இசக்கிராஜா பிறந்தது மட்டாஞ்சேரியில். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். மகனுக்குப் பெயரை மட்டும் ஊரிலிருந்து எடுத்துக்கொடுத்தார். மற்றதையெல்லாம் கொச்சி பார்த்துக்கொண்டது. படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுதச் சொன்னால் தன் பெயரோடு நின்றுவிடும். அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது அவன் தொழில். மொட்டை மாடியிலிருந்து கயிறு இறக்கி, அதில் ஒரு பலகையைக் கட்டி, வாளியும் ரோலருமாக அதில் உட்கார்ந்து, அடித்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும்.

அவன் மனைவி மகாவுக்கு இது தெரியாது. அவளுடைய அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தவன். பெண் பார்க்கப் போன அன்று அவள் கேட்ட ஒரே கேள்வி, "உசரத்துல ஏறுற வேலையா?" என்பதுதான். "இல்ல, உள்ள ரூமுக்கு அடிக்கிறது" என்று இசக்கிராஜா சொல்லிவிட்டான். சொன்னதை மாற்ற அதன்பிறகு அவனுக்கு வாய் வரவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. மகா பஜார் ரோட்டில் சுக்குக் குடோனில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். அவன் காலையில் படகேறி அக்கரைக்குப் போவான். சாயங்காலம் சட்டையில் பெயிண்ட் தெறித்துத் திரும்புவான். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்டதில்லை.

கேமரா அவன் கைக்கு வந்தது யூதர் தெருவான ஜூ டவுனில் பினு நடத்தும் பழம்பொருள் கடையில். கடைக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தான். கண்ணாடி அலமாரியை நகர்த்தும்போது உள்ளே கறுப்பாக, கனமாக ஒன்று இருந்தது. பினு அதை எடுத்துக் கொடுத்து, "பாரு" என்றான். சின்ன ஜன்னல் வழியாக இசக்கிராஜா தெருவைப் பார்த்தான். எதிரே மிளகுக் கடை வாசலில் ஒரு ஆடு நின்றது. நடுவில் மட்டும் மங்கலாக இன்னொரு ஆடு, முதல் ஆட்டைவிட்டு விலகி நின்றது. லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக அந்த மங்கல் ஆடு நகர்ந்து வந்து, நிஜ ஆட்டுக்குள் புகுந்து ஒன்றாகிவிட்டது.

அவன் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"எந்தா ராஜா, என்ன கண்டே?"

"ரெண்டு ஆடு இருந்துது. ஒண்ணாயிப்போச்சு."

பினு சிரித்தான். அவனும் ஃபிலிமில் படம் எடுக்கிறவன்தான். கடையின் பின்னறையை இருட்டாக்கி, தானே கழுவி அச்சிடுவான். அந்த ஓணத்துக்கு இசக்கிராஜா புதுத்துணி வாங்காமல் கேமராவை வாங்கினான். மகா, "இது என்னத்துக்கு? போன்ல எடுத்தா போதாதா?" என்றாள்.

கொஞ்ச மாதம் கழித்து பினு தன் அகல லென்ஸ் ஒன்றை அவனிடம் கொடுத்தான். மூக்கு சப்பையான சின்ன லென்ஸ். கேமராவின் ஜன்னலுக்கு அதன் அகலம் அடங்காது என்பதால், பார்ப்பதற்குத் தனியாக ஒரு குட்டிக் கண்ணாடியைக் கேமராவின் தலையில் செருக வேண்டும்.

"இதுக்கு ஃபோகஸ் பாக்கவே வேண்டா. நல்ல வெயில்ல, கையெட்டுற தூரத்துல நிக்கிறவனும் கடலும் ஒண்ணுபோல தெளிஞ்சு வரும்" என்றான் பினு. "பக்ஷே கிட்டப் போகணும். தூர நின்னா எல்லாம் எறும்புதான்."

இசக்கிராஜா வீட்டுக்கு வந்து அந்தக் குட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவர்களுடையது ஒற்றை அறை. கதவில் முதுகை ஒட்டி நின்றால்கூட யாரையும் முழுசாகப் படம் எடுக்க முடியாது. இப்போது கட்டில், அடுப்பு, கொடியில் காயும் துணி, கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த மகா, அவள் தலைக்கு மேல் ஓட்டுக்கூரை எல்லாம் ஒரே பார்வையில் இருந்தன. இத்தனை பெரிய வீட்டிலா இருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

மே மாதக் கடைசி. எர்ணாகுளத்தில் காயலோரம் எழும்பியிருந்த இருபது மாடிக் கட்டடத்தை மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். இசக்கிராஜாவும் பாண்டித்துரையும் அடுத்தடுத்த கயிறுகளில் இறங்கினார்கள். பாண்டித்துரை தேனிக்காரன், கொச்சிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அன்று இசக்கிராஜா கேமராவைச் சட்டைக்குள் கழுத்தில் மாட்டிக் கொண்டுபோயிருந்தான்.

பிற்பகலில் ரோலர் ஓடும் சத்தம் நின்றது. பாண்டித்துரை கயிற்றில் உடம்பைத் திருப்பி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, அங்க பாரு."

கடலின் மேல் மழை வந்துகொண்டிருந்தது. வானத்திலிருந்து தண்ணீர்வரை தொங்கிய சாம்பல் நிறச் சுவர் ஒன்று நடந்து வருவதைப் போலிருந்தது. வைப்பின் தீவின் கரை அதற்குள் போயிற்று. துறைமுக வாயிலில் நின்ற கப்பலின் பாதி போயிற்று. மட்டாஞ்சேரிப் பக்கம் இன்னும் வெயில் விழுந்து ஓடுகளெல்லாம் பளபளத்தன. காயலில் ஒரு படகு, பின்னால் வருவது தெரியாததுபோல் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ நாள் இந்த உயரத்தில் தொங்கியவன்தான். ஆனாலும் உலகம் இவ்வளவு பெரியது, தான் இவ்வளவு சின்னவன் என்பது அன்றைக்குத்தான் அவன் உடம்புக்குத் தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், பயம் வரவில்லை.

காலால் சுவரை உந்தி, பாண்டித்துரைக்குப் பக்கத்தில் போனான். கேமராவை எடுத்து, குட்டிக் கண்ணாடியில் கண்ணை வைத்து அழுத்தினான். அந்த ஒரு படம்தான். அதற்குள் காற்று கயிற்றைப் பிடித்து ஆட்டியது. இருவரும் கீழே இறங்கித் தரையைத் தொட்டபோது நனைந்திருந்தார்கள்.

ஃபிலிமைப் பினுவிடம் கொடுத்தான். பல நாள் எந்தச் சேதியும் இல்லை. பிறகு ஒருநாள் பினு போனில், "மகாவையும் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னான்.

கடைக்குப் பின்னாலிருந்த காலி மிளகுக் குடோனில் பினு தன் படங்களை மாட்டியிருந்தான். உள்சுவரில், ஒரு ஆள் உயரத்துக்கு, இசக்கிராஜாவின் படம். வாசலிலேயே அவன் நின்றுவிட்டான். அந்த மழை மறுபடியும் வந்துகொண்டிருந்தது. பாண்டித்துரையின் கன்னத்துப் பெயிண்ட் புள்ளிகூடத் தெரிந்தது. அவன் தோளுக்குப் பின்னால் கடல், கப்பல், படகு, ஊர். எதிலும் மங்கல் இல்லை.

மகா கிட்டே போனாள். "எம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். "இது நீங்க எடுத்ததா?"

"ஆமா. அந்தக் கட்டடத்துப் பால்கனியில நின்னு."

அவள் படத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, பலகை விளிம்புக்கு வெளியே, ஒரு வெறுங்கால் அந்தரத்தில் தொங்கியது. கணுக்காலில் கறுப்புக் கயிறு. மகா கோயிலில் வாங்கி அவன் காலில் கட்டிவிட்டது. எடுக்கும்போது இசக்கிராஜா அதைப் பார்க்கவே இல்லை. அந்தக் குட்டிக் கண்ணாடி இருப்பது லென்ஸுக்கு மேலே. கண்ணுக்கு எட்டாத கீழ்ப்பகுதியையும் லென்ஸ் வாங்கிக்கொண்டுவிட்டது.

"பால்கனி எங்க இருக்கு?" என்றாள் மகா.

அவன் தலை குனிந்தான். பினு எதுவும் புரியாமல், சாயா வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் நாலடி முன்னால் நடந்தாள். சனிக்கிழமை சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "நாளைக்கு என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

கட்டடத்துக் காவலாளி தெரிந்தவர் என்பதால் மொட்டை மாடிவரை விட்டார். லிஃப்ட் ஏறும்போது மகா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மேலே போனதும் முதலில் கயிறு கட்டும் தூணைக் காட்டச் சொன்னாள். முடிச்சு எப்படிப் போடுவது, இடுப்பில் மாட்டும் பெல்ட் எது, கயிறு தேய்ந்தால் யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் சொன்னான். முடிச்சை அவளே இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"பயமா இருக்காதா?"

"இருக்கும். முதல் வருஷம் ரொம்பவே இருந்துது. இப்பவும் காத்தடிச்சா இருக்கும்."

"அப்புறம் எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நீ வேண்டாம்னுருவேன்னு."

"வேலையையா, உங்களையா?"

மகா கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போய் முதன்முறையாக வெளியே பார்த்தாள். மழை விட்டிருந்தது. காயல் முழுக்கச் சாயங்கால வெளிச்சம். கடலிலிருந்து ஒரு பெரிய கப்பல், அடுக்கிய பெட்டிகளோடு துறைமுக வாயில் வழியாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. மட்டாஞ்சேரி கரையோரம் ஒரு கோடாகக் கிடந்தது. அவள் விரலை நீட்டி நம்ம வீடு எது என்று தேடினாள். அவனும் தேடினான். இருவருக்கும் கிடைக்கவில்லை.

"இவ்வளவையும் நீங்க மட்டும் பாத்துட்டிருந்தீங்களா?" என்றாள்.

காவலாளி வந்து, கதவைப் பூட்ட வேண்டும் என்றார். மகா திரும்பாமலே, "சேட்டா, அந்தக் கப்பல் உள்ள வரட்டும்" என்றாள்.