நான்கு பெயருக்கு ஒரு கை

பிரெஞ்சு பேசும் கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் இருக்கும் சமையற்கூடத்தில் புஷ்பராணி பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே கறி வைத்துச் செய்யும் றோல்ஸ், பற்றிஸ் பலகாரங்கள் உறைந்து பெட்டிகளில் அடைபட்டதும், ஒரு பெரிய கடைத்தொடரின் லொறி வாரத்தில் மூன்று நாள் வந்து ஏற்றிப்போகும். அவளுக்குப் பெட்டி அடுக்கும் மேசையில் வேலை. கறி ஆறவைக்கும் குளிர் அறைப் பக்கம் அவள் போவதேயில்லை. ஆனாலும் அந்த அறையின் கணக்கு முழுவதும் அவள் கையால்தான் எழுதப்பட்டிருந்தது.

கடைத்தொடரோடு போட்ட ஒப்பந்தப்படி இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை அறையின் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். பார்த்தவரே தாளில் அளவை எழுதி, தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். நான்கு பெண்கள் முறை வைத்துப் பார்த்தார்கள். எழுதுவதென்றால்தான் கஷ்டம். கையுறையைக் கழற்ற வேண்டும், கை கழுவ வேண்டும், புதுக் கையுறை மாட்ட வேண்டும். அதற்குள் மாவு காய்ந்துவிடும். போதாததற்குத் தாள் பிரெஞ்சில் இருந்தது.

"ராணி, மூண்டு புள்ளி எட்டு! என்ர பேரைப் போடு!" என்று பிலோமினம்மா கதவடியில் நின்று கத்துவாள். கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவள் அவள்.

புஷ்பராணி பேனையை எடுத்து எழுதிவிடுவாள். அவள் மேசைக்குக் கையுறை தேவையில்லை. பிரெஞ்சும் அவளுக்குத் தெரியும். கணவன் கிருபானந்தன் ஸ்பொன்சர் பண்ணி அழைத்த முதல் இரண்டு குளிர்காலமும், வயிற்றில் பிள்ளையோடு பனியில் நடந்து அரசாங்க வகுப்புக்குப் போய்ப் படித்தது. இன்றைக்கும் வீட்டுக்கு வரும் கடிதங்களைக் கிருபானந்தன் உடைக்காமலே அவளிடம் நீட்டிவிடுவார்.

ஒக்டோபரில் முதலாளி மகேந்திரராசாவும் அப்படித்தான் ஒரு கடிதத்தை நீட்டினார். ஜான்-டலோன் சந்தையில் வெங்காயத்துக்குப் பேரம் பேசப் போதுமான பிரெஞ்சுதான் அவரிடம் இருந்தது.

அவள் உரத்துப் படித்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. மாதாமாதம் படம் பிடித்து அனுப்பும் தாள்களைக் கடைத்தொடர் இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வாசிக்கிறதாம். நான்கு பேர் எழுதியதாகக் காட்டப்பட்ட பதினொரு மாதப் பதிவுகளும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்று அது கண்டுபிடித்துவிட்டது. அளவுகளே பொய்யாக இருக்கலாம் என்று சந்தேகம். வியாழக்கிழமை ஓடிட்டுக்கு, கணக்கைச் சோதிக்க, ஆள் வரும். திருப்தியில்லாவிட்டால் ஒப்பந்தம் முடியும்.

ஒப்பந்தம் முடிந்தால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். பதினான்கு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள்.

"பயப்பிடாதேங்கோ," என்றார் மகேந்திரராசா. "நாலு பேரும் ராணியின்ர எழுத்தைப் பாத்துப் பழகுங்கோ. வாறவைக்கு முன்னால ஒரே மாதிரி எழுதிக் காட்டினா, எல்லாருக்கும் ஒரே எழுத்தெண்டு நினைப்பினம்."

புதன்கிழமை வேலை முடிந்ததும் நான்கு பெண்களும் பெட்டி மட்டையில் எழுதிப் பழகினார்கள். பிலோமினம்மா எழுதிய 4ஐப் பார்த்து மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கதிரை கவிண்டு கிடக்கிற மாதிரிக் கிடக்கு," என்றாள் அவளே. "அறுபது வயசில என்னைத் திருப்பி அரிவரி வகுப்பில விட்டிட்டார் இந்த மனிசன்."

புஷ்பராணி சிரிக்கவில்லை. கள்ளக் கணக்கு எழுதினவள் என்று கடிதம் சொல்லாமல் சொன்னது அவளைத்தான். உண்மையாக எழுதிய கணக்குக்குச் சாட்சியாக, நான்கு பேரும் பொய் சொல்லப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, இது சரிவராது," என்றாள்.

"வேற வழி சொல்லன்."



வியாழன் காலையில் கடைத்தொடரிலிருந்து சோதிக்க வந்தவள் அனுப்ரியா. சென்னைப் பெண், முப்பது வயது இருக்கலாம். தலைமுடியை மூடும் வலையை மாட்டிக்கொண்டே, "நான் தமிழ்ங்கிறதால விட்டுக்கொடுப்பேன்னு நினைக்காதீங்க சார்," என்றாள்.

"கேட்டியே, மகேந்திரம் இண்டைக்கு 'சார்' ஆயிட்டார்," என்று முணுமுணுத்தாள் பிலோமினம்மா.

அனுப்ரியா நான்கு வெற்றுத் தாள்களை எடுத்து, எழுதிக் காட்டச் சொல்லி நான்கு பேருக்கும் நீட்டினாள். பிலோமினம்மா எழுதிய முதல் 4, கவிழ்ந்த கதிரையாகவே வந்தது. அதைக் கண்டதும் புஷ்பராணி முன்னால் வந்துவிட்டாள்.

"பிள்ளை, அவையைப் பேசாமல் விடுங்கோ. எல்லாம் நான்தான் எழுதினது."

மகேந்திரராசா கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலு பேரோடதுமா ஆன்ட்டி?"

"ஓம். பாத்தது அவையள், எழுதினது நான்." கையுறை, மாவு எல்லாவற்றையும் சொன்னாள்.

"பாத்துதான் சொன்னாங்கன்னு எப்படி நம்புறது? மெஷினுக்கு அதுதானே சந்தேகம்."

"எழுத்தைப் பாத்த மெஷின், அளவைப் பாக்கேலாதோ? உள்ளுக்குக் குளிர்ப்பெட்டிக் கொம்பனிக்காரன் பூட்டின சின்னக் கருவி ஒண்டு கிடக்கு. அது நாள் முழுக்கக் குளிரின்ர அளவைப் பதியுமாம். ஒருத்தரும் திறந்து பாக்கேல்லை."

அனுப்ரியா அந்தக் கருவியைக் கழற்றிவரச் சொல்லி மடிக்கணினியில் பொருத்தினாள். தாளிலிருந்த ஆயிரத்துச் சொச்சம் வரிகளையும் கருவியின் பதிவோடு ஒப்பிடச் சொல்லி, கடிதம் எழுதவைத்த அதே நுண்ணறிவிடம் கொடுத்தாள். கால் மணி நேரம் ஒருவரும் வேலை செய்யவில்லை.

"ஜூலை பதினாறு, ரெண்டு மணி," என்றாள் கடைசியில். "ஒன்பது டிகிரின்னு எழுதியிருக்கீங்க. நாலைத் தாண்டக்கூடாதே?"

"மோட்டர் நிண்டு போச்சு. கறி முழுக்கக் கொட்டினம்."

"நாலுன்னே போட்டிருக்கலாமே."

"போடச் சொன்னவைதான்." புஷ்பராணி முதலாளியின் பக்கம் திரும்பவில்லை. "ஒன்பதெண்டு கத்திச் சொன்னவை. ஒன்பதெண்டு எழுதினன்."

மகேந்திரராசா இருமினார்.

அனுப்ரியா திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். கருவியிலும் அதே நாளில், அதே நேரத்தில் ஒன்பது. மற்ற வரிகளிலும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை.

"பொய்யா எழுதுறவங்க ஒன்பது எழுத மாட்டாங்க," என்றாள். "ஆனா பாத்தவங்கதான் எழுதணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. அது தப்புதான். சின்னக் குறைன்னு போடுறேன். முப்பது நாள்ல திருத்தணும்."

"எப்பிடித் திருத்திறது? கையுறை அதே கையுறைதானே," என்றாள் பிலோமினம்மா.

புஷ்பராணி ஒரு பெட்டி மட்டையை எடுத்துக் கோடு கீறினாள். வாசித்த ஆளுக்கு ஒரு கட்டம், எழுதின ஆளுக்கு ஒரு கட்டம். வேலை முடிந்து கையுறை கழற்றிய பிறகு, வாசித்தவர்கள் தங்கள் வரிகளைப் பார்த்துத் தாங்களே ஒப்பமிடலாம்.

"நான் முடிவு பண்ண முடியாது. கேட்டுச் சொல்றேன்," என்று அனுப்ரியா அந்த மட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போனாள்.

பதில் வர இரண்டு வாரம் எடுத்தது. அந்த இரண்டு கிழமையும் மகேந்திரராசா எல்லோருக்கும் தானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஒப்பந்தம் தொடரும் என்றது பதில். கருவியின் பதிவையும் மாதாமாதம் தாளோடு அனுப்ப வேண்டும். புதுத் தாளின் மாதிரி இணைக்கப்பட்டிருந்தது, இரண்டு கட்டங்களோடு.

புதுத் தாளில் எழுதத் தொடங்கிய முதல் நாள் மாலை பிலோமினம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தாள்.

"இது நாலு புள்ளி பூச்சியமெல்லோ? நீ வெறும் நாலெண்டு போட்டிருக்கிறாய்."

"ரெண்டும் ஒண்டுதான் அக்கா."

"எனக்கு வடிவா இருக்கோணும். என்ர ஒப்பமெல்லோ."

புஷ்பராணி புள்ளியும் பூச்சியமும் போட்டுக் கொடுத்தாள். பிறகு எழுதின ஆளுக்கான கட்டத்தில் தன் பெயரைப் போட்டாள். முதலெழுத்துகள் போதும் என்று இருந்தது. அவள் முழுப் பெயரையும் எழுதினாள்.