செல்ஃப் எடுக்காத காலைகள்

சாவியைத் திருப்பினால் வண்டியின் அடிவயிற்றிலிருந்து 'டக்' என்று ஓர் ஓசை வரும். அவ்வளவுதான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்துகொண்டிருக்கும் சிவப்பு விளக்குகள் மங்கிப்போகும். பக்கத்து இருக்கையில் என் கணவர், மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, முன்கண்ணாடி வழியே ஏரியைப் பார்த்தபடி இருப்பார். நான் மறுபடி திருப்புவேன். மறுபடியும் 'டக்'. அந்த மாதங்களில் என் காதைவிட்டு அகலாத ஓசை அது. பள்ளியில் நான் பாடம் நடத்தும்போது ஒரு குழந்தையின் பென்சில் டப்பா கீழே விழுந்தால்கூட அந்த 'டக்' என்றே கேட்கும்.

அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் பொன்னேரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் படுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது காலையின் முதல் முறை. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரான தோணிரேவிலிருந்து விடிந்ததும் கிளம்பினால்தான் அதைப் பிடிக்க முடியும். பிந்தினால் அடுத்து வரிசையில் இருப்பவருக்குப் படுக்கை போய்விடும். எங்கள் ஏரியில் வலை போடும் இடங்களுக்குக் குடும்பங்களிடையே முறை வைத்திருக்கிறார்கள்; அதைப் பாடு என்பார்கள். பாடு நாளில் தோணி இறங்கவில்லையென்றால் அன்றைய மீன் நமக்கில்லை, யாரும் நமக்காக ஏரியைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மருத்துவமனை ஒழுங்கை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். "அங்கயும் பாடுதான். நாம போலன்னா வேற எவனாவது வல வுட்டுடுவான்" என்று வருகிறவர்களிடம் சொல்வார், வேடிக்கையாக.

ஒரு முறை நிஜமாகவே தவறிப்போனது. வண்டி கிளம்பவில்லை, ஆட்டோ கிடைத்துப் பழவேற்காடு போய், பேருந்து மாறிப் பொன்னேரி சேர்வதற்குள் எங்கள் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். அடுத்த முறை வருவதற்குள் என் கணவரின் முகமும் பாதங்களும் வீங்கின. சாய்ந்து படுத்தால் மூச்சு முட்டியது. "இன்னொரு தடவை இப்படி விட்டீங்கன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்மா. அப்புறம் எங்க கையில இல்ல" என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அன்று முதல் அந்தப் பழைய டீசல் ஜீப் எனக்கு வெறும் வண்டியாக இல்லை.

அது அவர் நல்ல நாளில் வாங்கியது. கடலில் பிடிபடும் தாய் இறால்களை உயிரோடு தொட்டிகளில் வைத்து, குஞ்சு பொரிக்கும் பண்ணைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்காகக் கடைசி இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பின்பகுதியை வெறும் தளமாக்கி, மேலே ஒரு தரைவிரிப்பு போட்டிருந்தார். உடம்பு விழுந்த பிறகு அந்தத் தொழிலும் நின்றது. மற்ற நாட்களில் என் கொழுந்தனார் அதில் நண்டுக் கூடைகளும் இறால் பெட்டிகளும் ஏற்றிப் போவார். மருத்துவமனைக்கு முந்தைய நாள் சாயங்காலம் வண்டியைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிடுவார். நோய் வந்ததிலிருந்து மீன் வாடை பட்டாலே அண்ணனுக்குக் குமட்டும் என்று அவருக்குத் தெரியும். கழுவு என்று யாரும் சொன்னதில்லை.

கிளம்பாத காலைகளில் எங்கள் தெருவில் ஒரு திருவிழாவே நடக்கும். மணல் தெருவில் தள்ளிக் கிளப்புவது ஆகாத காரியம். சிமென்ட் சாலை வரை தள்ளிப் போக வேண்டும். வலை இழுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஈரக் கைலியோடு வந்து முதுகைக் கொடுப்பார்கள்.

"இன்னா டீச்சரம்மா, ஜீப்பு இன்னிக்கும் உண்ணாவிரதமா?"

"மாமா, இத்த வித்துட்டு ஒரு தோணி வாங்கு. ஏரி வழியாவே பொன்னேரிக்குப் பூடலாம்."

"தள்றா டேய், பேசிகினே கீறான்" என்பார் என் கணவர், உள்ளேயிருந்து. "தோணி தள்றவனுக்கு ஜீப்பு தள்ளத் தெரியாதா?"

"தோணின்னா தண்ணி வந்தா தானா மெதக்கும். உன் ஜீப்பு இன்னா பண்ணும்?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிமென்ட் சாலையில் சக்கரம் ஏறியதும் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால், சில நாள் ஒரு குலுக்கலோடு உயிர் வரும். சில நாள் வராது.

பழவேற்காடு கடைத்தெருவில் இருக்கும் வண்டி எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். நல்ல மனிதர், பேச்சில் வஞ்சனையில்லாதவர். முதலில் பாட்டரி செத்துவிட்டது என்றார். புதிய பாட்டரி வந்தது. அடுத்த வாரமே அதே 'டக்'. பிறகு டைனமோ சரியாக மின்னேற்றவில்லையோ என்று அதைக் கழற்றிப் பார்த்து, பழுதில்லை என்று திரும்ப மாட்டினார். மூன்றாவது தடவை மீட்டரை எடுத்து வந்து, வண்டி நிற்கும்போது மின்சாரம் எங்காவது கசிகிறதா என்று அளந்தார்.

"ஒண்ணும் கசியல டீச்சரம்மா. அசல் வண்டி. உங்க நேரந்தான் பேஜாரா கீது" என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை. பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். நேரம் பாட்டரியைத் தின்னும் என்று நம்புவதற்கில்லை. என்னை உறுத்தியது வேறொன்று. மற்ற நாட்களில் கொழுந்தனார் சாவியைத் திருப்பியதும் அதே வண்டி குதித்துக்கொண்டு கிளம்பியது. எங்களுடைய நாட்களில் மட்டும் படுத்தது. யார் வீட்டு வண்டிக்குக் கிழமை தெரியும்?

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. சாயங்காலங்களில் என் கணவர் தனியாகப் போய் வண்டிக்குள் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார். காற்று வருகிறது என்பார். இயந்திரத்தில் படுக்காமல் தப்பிய அந்த ஒரு நாளில், மூச்சு முட்டத் தொடங்கும்வரை, அவர் முகத்தில் ஒரு விடுமுறைக் களையை நான் பார்த்திருந்தேன். கையில் ஊசி குத்திய தழும்புகளை அன்று முழுவதும் அவர் தடவவில்லை. ஏதாவது ஒரு விளக்கை வேண்டுமென்றே எரியவிட்டு வருகிறாரோ? கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அவர் இறங்கி வந்ததும், துணி எடுப்பதுபோலப் போய், உள்ளே எல்லா விளக்கையும் தடவிப் பார்த்துவிட்டு வருவேன். எல்லாம் அணைந்தே இருக்கும். அது எனக்கு நிம்மதி தரவில்லை.

ஒரு மீட்டர் வாங்கினேன். பாட்டரியின் மைனஸ் முனையிலிருந்து கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவே மீட்டரைப் பிடிக்க வேண்டும். கதவுகளை மூடி, வண்டி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் ஓடும் மின்சாரம் எவ்வளவு என்று அது காட்டும். விடுமுறை நாளில் அளந்தேன். கடிகாரத்துக்கும் ரேடியோ நினைவுக்கும் போகும் அற்பமான கசிவு. ஓர் ஆம்பியரில் நூறில் மூன்று பங்குகூட இல்லை. எலெக்ட்ரீஷியன் சொன்னது சரிதான்.

ஆனால் அவர் வந்ததும் நான் அளந்ததும் வண்டி சும்மா நின்ற நாட்களில். படுப்பதோ எங்கள் நாட்களில். எனவே அடுத்த மருத்துவமனை நாளுக்கு முந்தைய சாயங்காலம், கொழுந்தனார் வண்டியைக் கழுவி நிறுத்திய கையோடு, பானட்டைத் திறந்து மீட்டரை வைத்தேன். எண் இரண்டு ஆம்பியரைத் தாண்டி நின்று ஆடியது. மீட்டரைக் கழற்றி மறுபடி வைத்தேன். அதேதான். ஒரு சின்ன விளக்கையல்ல, சிலவற்றைச் சேர்த்து விடிய விடிய எரியவிட்டதற்குச் சமம் அது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் எரியவில்லை. என் கணவர் அன்று வண்டியின் அருகிலேயே வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் நான் கட்டி வைத்திருந்த சந்தேகம் அங்கேயே சரிந்தது. அதற்காக மகிழ எனக்கு நேரமில்லை.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எந்த ஃபியூஸை எடுக்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் திருட்டு. ஹாரன், வைப்பர், விளக்குகள், ரேடியோ. எல்லாவற்றையும் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டும் எண் அசையவில்லை. எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன்.

"ஃபியூஸ் வழியா போகலியா? அப்ப டைனமோ ஒயர அவுத்துப் பாருங்க டீச்சரம்மா. அதுலயும் கொறையலன்னா, எவனோ பாட்டரிலேருந்து நேரா ஒரு ஒயர இஸ்துகினு போயிருக்கான். உஷாரா தேடுங்க."

டைனமோ ஒயரையும் அவிழ்த்தேன். எண் அப்படியே நின்றது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விடிந்தால் பொன்னேரி. எதை எங்கே தேடுவது என்று புரியாமல் பின்கதவைத் திறந்தேன். ஈரத் தரைவிரிப்பிலிருந்து அந்த வாடை வந்தது. எங்கள் நாட்களில் எப்போதும் வரும் லேசான பிளீச்சிங் பவுடர் வாடை. பக்கத்தில் வாளியோடு நின்ற கொழுந்தனாரைப் பார்த்து, "கழுவும்போது பிளீச்சிங் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க, அவருக்கு நெஞ்சு எரியும்" என்றேன். வேறு யோசனை ஓடாததால் சொன்ன சொல்.

"பிளீச்சிங்கா?" அவர் வாளியைக் கீழே வைத்தார். "நான் எங்க அண்ணி போட்டேன்? ஏரித் தண்ணிதான். லாரில வர்ற குடிதண்ணிய வண்டிக்கு ஊத்துனா ஊரே சிரிக்காது? தோணிய எதுல கழுவுறமோ அதுலதான் இத்தயும் கழுவுறேன். உள்ளயும் நாலு வாளி ஊத்தி அலசுனாதான் அண்ணனுக்கு வாடை போவும்."

உப்புத் தண்ணீர். எங்கள் ஏரியில் கடல் கலக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளுக்கு முன்னால், உப்புக் கரைசலில் பாட்டரியின் இரண்டு கம்பிகளை இறக்கி, குமிழிகளைக் காட்டி, மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்கிறேனே, அதே குளோரின் வாடை. இந்த வண்டிக்குள் எங்கோ இரண்டு கம்பிகள் உப்புத் தண்ணீரில் கிடக்கின்றன.

"பின்னாடி, இடது பக்க சக்கர மேட்டுக்குக் கீழ பாரு."

சொன்னது என் கணவர். நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். "தாய் எறா ஏத்துறப்ப காத்து மோட்டாருக்கு ஒரு ஒயர் இஸ்தேன். சாவிய எடுத்தாலும் மோட்டார் ஓடணும்ல, இல்லன்னா எறா செத்துடும். அதுக்காவ பாட்டரிலேருந்து நேரா. மோட்டார வித்தப்ப ஒயர அப்படியே வுட்டுட்டேன்."

தரைவிரிப்பைத் தூக்கினேன். தளத்தின் பள்ளத்தில் ஏரித் தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்குள் சுற்றிய டேப் கழன்று, பச்சைப் பாசிபோலக் களிம்பேறிய ஒரு பிளக்கின் இரண்டு முனைகள். அவற்றிலிருந்து நுண்ணிய குமிழிகள் ஏறிக்கொண்டேயிருந்தன. பிளக்கைத் தூக்கித் துடைத்தேன். கொழுந்தனார் முன்னாலிருந்து மீட்டரைப் பார்த்து, "அண்ணி, எறங்கிடுச்சு! சைபர் பக்கம் வந்துடுச்சு!" என்று கத்தினார். உடனே குரல் தாழ்ந்தது. "அப்ப நான் கழுவி கழுவித்தான் இத்தினி நாளும்..."

"சும்மா இருடா" என்றார் என் கணவர். "நீ கழுவலன்னா நான் போற வழியெல்லாம் வாந்தி எடுத்துகினு போயிருப்பேன். ஒயர வுட்டது நானு."

ஒயரை வெட்டக் கொழுந்தனார் கத்தி எடுக்கப் போனார். நாங்கள் இருவரும் வண்டிக்குப் பின்னால் தனியாக நின்றோம்.

"இந்த ஒயர் நெனப்பு எப்ப வந்துச்சு உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் தண்ணீரில் பொங்கி அடங்கியிருந்த பச்சை நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த எலெக்ட்ரீஷியன் ஒண்ணும் கசியலன்னு சொன்ன அன்னிக்கே லேசா தோணிச்சு. சொல்லலாம்னுதான் இருந்தேன். அடுத்த நாளு சொல்லலாம், அடுத்த நாளு சொல்லலாம்னு..." பிறகு என்னைப் பார்த்தார். "வாரத்துக்கு ரெண்டு தபா அந்த ஊசி. வண்டி எடுக்கலன்னா நம்ம மேல தப்பில்ல பாரு."

"இப்ப ஏன் சொன்னீங்க?"

"நீ எல்லா ஃபியூசையும் புடுங்கி முந்தானைல கட்டிகினு நின்ன பாரு" என்றார்.

நான் கோபப்பட்டிருக்கலாம். மூச்சு முட்டி உட்கார்ந்திருந்த அந்த முகம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கையிலிருந்த தழும்புகளும் என் கண்முன்னால்தான் இருந்தன. ஒயரைப் பாட்டரி முனையிலிருந்தே வெட்டி, சுருட்டி, அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

காலையில் ஓட்டுநர் இருக்கையில் ஏறப்போனபோது, "தள்ளிக்கோ, நான் திருப்புறேன்" என்றார். ஓட்ட முடியாது, திருப்ப மட்டும். சாவி திரும்பியது. வண்டி ஒரே மூச்சில் உறுமிக் கிளம்பியது. தள்ள வந்து நின்றவர்கள் ஏமாந்துபோய், "இன்னா மாமா, எங்களுக்கு வேலை இல்லாம பண்ணிட்டியே" என்றார்கள்.

இப்போது கொழுந்தனார் கடைசி ஒரு வாளி மட்டும் குடிதண்ணீர் ஊற்றி அலசுகிறார். ஊர் சிரிக்கத்தான் செய்கிறது. எனக்கு மட்டும் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு மருத்துவமனைக் காலையிலும் கிளம்பும் முன் பின்கதவைத் திறந்து, தரைவிரிப்புக்குக் கீழே கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். முன்னால் தலையணையோடு உட்கார்ந்திருக்கும் அவர் திரும்பாமலே குரல் கொடுப்பார்.

"காஞ்சிதான் கீது. ஏறு, பாடு பூடப்போவுது."