போவதற்கு மட்டும் இலவசம்

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். போன மாதம் தொலைபேசியில் பேசும்போது, பக்கத்து நாட்டுக்கு மலிவாக ரயில் டிக்கெட் வாங்குவது எப்படி என்று எனக்கே வகுப்பெடுத்தான். முன்கூட்டியே வாங்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமையைத் தவிர்க்க வேண்டுமாம். எல்லை தாண்டி முதல் ஸ்டேஷனில் இறங்கி மாறினால் இன்னும் குறையுமாம். காலையில் ஒரு நாட்டில் கோப்பி குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இன்னொரு நாட்டில் இருந்தானாம். "யாரும் ஒண்ணும் கேக்கல டீச்சர்" என்றான். நல்ல பிள்ளை, சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்த பிறகும் அடங்கவில்லை.

பக்கத்து நாட்டுக்கு மலிவாக ரயிலில் போகும் வழி எனக்கும் தெரியும். மலிவு என்ன மலிவு, ஒரு சதம்கூட வாங்காமல் எங்கள் சனத்தை இலங்கையில் பதுளையில் ஏற்றிக் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். திரும்பி வரத்தான் டிக்கெட் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒற்றைக் காம்பரா ஒன்றில், அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா இறந்து இரண்டு வருஷம். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தாள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். கல்யாணமான அக்கா, புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் போய் ஒரு வருஷமாகியிருந்தது. அந்தக் காலத்தில் இந்தியா, இலங்கை என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டிருந்தன, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று. ஆட்டைப் பங்கு போடுகிறவன்கூடப் பால்குடிக் குட்டியைத் தாயோடு சேர்த்துத்தான் ஓட்டிவிடுவான். எங்களுக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

அப்பா உயிரோடு இருந்தபோது தனக்கும் அம்மாவுக்கும் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தார். நான் தனியாக எழுதி இலங்கைப் பிரஜையாகப் பதிவானேன், டீச்சர் வேலைக்கு அது வேண்டியிருந்தது. ஆக, ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பாயில் படுத்த இரண்டு பேருக்கு இரண்டு நாடு. அம்மாவின் இந்தியப் பாஸ்போர்ட் வந்து பெட்டிக்குள் கிடந்தது. எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்டு அவ்வப்போது அரசாங்கக் கடிதம் வரும். அம்மா அதை வாங்கி அடுப்புக்கு மேலே செருகிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அப்போதுதான் அக்காவின் கடிதம் வந்தது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்கிறாள், வயிற்றில் ஏழு மாதம். எங்கள் ஆட்கள் எதை விட்டாலும் தலைப்பிரசவத்தை விடமாட்டார்கள். மகள் தாய்வீட்டுக்கு வர வேண்டும், வர முடியாவிட்டால் தாய் அங்கே போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவள் நாதியற்றவள் என்று புகுந்த வீட்டில் காலத்துக்கும் குத்திக்காட்டுவார்கள்.

"புள்ளைய அங்கன தனியா விட்டுட்டு நான் இங்க கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கவா?" என்றாள் அம்மா.

நான் பதுளை ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தேன். கவுண்டரில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும், தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும், ராமேஸ்வரத்தில் வேறு ரயில். போய்வர ஆகும் தொகையைக் கேட்டதும் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் சாப்பிடாமல் சேர்த்தாலும் குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் அம்மா போய்ச் சேர முடியும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சிரித்தாள். "எதுக்கு புள்ள காசு? அந்தக் கடுதாசியில சும்மாவே கூட்டிக்கிட்டுப் போறோம்னுதானே போட்டிருக்கு? போயி புள்ளைப்பேறு பாத்துட்டு வந்துர்றேன்."

வெளியாருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் தோட்டத்தில் யாருக்கும் அப்படித் தெரியவில்லை. அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய அப்பா அம்மாவோடு திருச்சிப் பக்கம் கோயில் கொடைக்குப் போய், ஒரு மாதம் இருந்து, மொட்டையடித்துக்கொண்டு திரும்பி வந்தவள். கல்யாணத்துக்குப் போனார்கள், கருமாதிக்குப் போனார்கள், எல்லாரும் வந்தார்கள். அவர்களுக்கு இந்தியா என்பது பக்கத்திலிருக்கும் தெமோதரை மாதிரி ஓர் இடம், கொஞ்சம் தூரம், நடுவில் கொஞ்சம் தண்ணீர். நடுவில் கதவு போட்டுப் பூட்டியாயிற்று என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒருவரும் வந்து சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்தவள் நான். புறப்படச் சம்மதம் என்று அனுப்ப வேண்டிய படிவத்தை நிரப்பியது நான்தான். நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போகிறேன் என்ற வரி அதில் இருந்தது. இரண்டு முறை படித்தேன், வாய்விட்டுப் படிக்கவில்லை. முப்பது வருஷம் இந்த மலையில் முதுகொடிய வேலை செய்தவள், பெற்ற மகள் இங்கே பிரஜையாக இருக்கிறாள், வந்து நின்றால் எந்த மனிதன் விரட்டுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், இலவசம் என்பது என் கண்ணையும் மறைத்தது. அம்மா கைநாட்டு வைத்தாள். பெருவிரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாரும் என்ன சுறுசுறுப்பு. வருஷக்கணக்கில் ஒரு கூரைத் தகரம் மாற்ற ஆள் அனுப்பாத தோட்டத்து ஆபிஸ், ஒரே நாளில் செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவேட்டில், அம்மாவின் பெயரை வெட்டியது. "பேரு வெட்டியாச்சு டீச்சர்" என்று கிளாக்கர் ஐயா நல்ல செய்தி மாதிரி சொன்னார். "வந்ததும் திரும்ப எழுதிக்குவாங்க" என்றாள் அம்மா. கிளாக்கர் ஐயா பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவருக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம்.

புறப்படும் நாளில் பதுளை ஸ்டேஷனில் எங்கள் தோட்டத்து நான்கு குடும்பங்கள் இருந்தன. அவர்கள் அம்மிக்கல்லைத் தூக்கி வந்திருந்தார்கள், சாமி படங்களைத் துணியில் சுற்றி வந்திருந்தார்கள், ஒருவர் தான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய கத்தியைக்கூட விடவில்லை. பிளாட்பாரத்தில் விழுந்து புரண்டு அழுதார்கள். அம்மா மட்டும் பேறுகால மருந்துச் சாமான் கட்டிய ஒரு பையோடு நின்றாள். அவர்களைப் பார்த்து அவளுக்கு எரிச்சல். "நல்ல காரியத்துக்குப் போறப்ப எழவு வீடு மாதிரி அழுவுறாளுக" என்றாள். ரயில் கோச்சி கிளம்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி, கோழியை அடை வைக்கச் சொன்னாள், குஞ்சு பெரிசாவதற்குள் வந்துவிடுவதாகவும் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

ஆண் குழந்தை, சுகப்பிரசவம். மூன்று மாதம் போனது. அக்கா கையால் அம்மா எழுதிய கடிதம் வந்தது: பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறான், இங்கேயும் குளிர்தான், நான் எப்போது எந்த ரயிலில் ஏற வேண்டும்?

கேட்ட இடத்திலெல்லாம் கைவிரித்தார்கள். பதிவு முடிந்து போனவர் போனவர்தானாம். வேண்டுமானால் வெளிநாட்டுக்காரியாக விசா கேட்கலாமாம், கையில் இவ்வளவு பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம், அப்படியும் உறுதியில்லையாம். தாயகம் திரும்பியவர் என்று அம்மாவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அம்மா பிறந்தது ஸ்பிரிங்வெளி லயத்தில், வயதுக்கு வந்தது அங்கே, தாலி கட்டிக்கொண்டது அங்கே, அப்பாவைப் புதைத்தது அங்கே. எந்தத் தாயகத்துக்குத் திரும்பினாளாம்? இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கையில் ஒரு கூடையைக் கொடுத்து மழையில் மலையேறச் சொல்ல வேண்டும்.

தொழிலாளி இல்லாத காம்பராவில் நான் இருக்க முடியாது என்று தோட்டத்தில் சொன்னார்கள். பதுளை டவுனில் ஓர் அறைக்கு மாறினேன். நானாவது போய் அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், அதற்கு ஆறு வருஷம் பிடித்தது. பாஸ்போர்ட்டுக்கு, விசாவுக்கு, வெளிநாட்டுச் செலாவணி அனுமதிக்கு என்று கொழும்புக்கு நடையாய் நடந்தேன். ஒரு கடிதாசி வந்தால் இன்னொன்று காலாவதியாகியிருக்கும்.

பதுளையில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர்தான் எனக்கு வழி சொன்னார். அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை சரக்கெடுக்கத் திருச்சிக்குப் போய்வருவார், அதே கோச்சியில், அதே கப்பலில். "கொழும்புக்குப் போயி ஏறாதீங்க டீச்சர், பொல்காவலையில மாறுங்க. கப்பல்ல சாப்பாடு வாங்காதீங்க, கட்டிக்கிட்டுப் போங்க. மூணாம் வகுப்பே போதும்" என்றார். தன் சூட்கேசையும் தந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வியாபாரத்துக்குப் போகிறவர் திரும்பி வரலாம், பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள் வரக்கூடாது என்ற சட்டத்தின் மேல்தான் கோபம்.

கோத்தகிரியில் அம்மா என்னைப் பார்த்ததும் அழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப கெளம்புறோம்?" என்றாள். எப்போது கிளம்புகிறாய் என்று கேட்கவில்லை.

போய்வரும் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள், ஆனால் ஒன்றுதான் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அதை என் பைக்குள் வைத்துவிட்டுப் பேரனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். நான் புறப்படும் நாளில், "ராமேஸ்வரம் வரைக்கும் வாரேன், சாமி கும்பிட்டுக்கலாம்" என்றாள்.

கோயம்புத்தூரில் அவளுக்கு டிக்கெட் எடுத்தேன். எந்தக் கவுண்டரிலும் எந்தக் கேள்வியும் இல்லை. வழியெல்லாம் அம்மா கலகலவென்று இருந்தாள், எதிரே இருந்த குடும்பத்திடம், "மகளோட ஊருக்குப் போறேங்க" என்றாள். எனக்குத் திருத்த வாய் வரவில்லை.

கப்பலடியில் நான் வரிசையில் நின்றேன். அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். போ என்று நான் சொல்லவில்லை. அதிகாரி என் தாள்களைப் பார்த்து முடித்துவிட்டு அவளிடம் கை நீட்டினார். அம்மா தன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை.

"நீங்க போக முடியாதும்மா. உங்க ஊரு இதுதான்."

"இங்க நான் வந்தே ஆறு வருஷம்தாங்க ஆவுது" என்றாள் அம்மா.

அவர் பாஸ்போர்ட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீங்க போலாம்" என்றார். நான் போனேன். வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன, இரண்டு அரசாங்கங்களையும் வாயார வைதிருக்கிறேன், இன்னும் வைவேன். ஆனால் கப்பலுக்குப் போட்டிருந்த அந்தப் பலகையில் ஏறி, கையில் டிக்கெட் இருக்கிறதே என்று நடந்தேனே, அதை மட்டும் யார் தலையிலும் கட்ட முடியவில்லை.