மாட்டுக்கு ஏன் சக்கரம் முளைக்கவில்லை

என் மனைவி காளீஸ்வரிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டேயிருக்கும். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவளுக்கு வேலை. வரிசையாக ஓடும் மெஷின்களுக்கு நடுவே ஷிஃப்ட் முழுக்கப் போய்வந்து, அறுந்த இழைகளைப் பிணைக்க வேண்டும். இருபது வருட நடையில் முழங்கால் தேய்ந்துவிட்டது. நடையைக் குறைக்காவிட்டால் வேலையையே விட வேண்டியதுதான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். அவளை வீட்டில் அடைத்துப் போட்டால் அவளும் தாங்கமாட்டாள், நானும் தாங்கமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மில்லில் சக்கரம் வைத்த ஷூ கொடுத்தார்கள். நடக்கவே வேண்டாம், வழுக்கிக்கொண்டே போகலாமாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவளோ முதல் நாளே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள்.

"சக்கரம் அம்புட்டு நல்லதுன்னா ஒரு ஆடு மாட்டுக்காவது முளைச்சிருக்காதா?" என்று கத்தினாள்.

சேத்தூரில் பைக் மெக்கானிக் நான். சக்கரத்தைப் பற்றி என்னிடமே கேட்டால் சும்மா விடுவேனா? கை ஸ்பேனரைப் பிடித்திருக்கும், புத்தி மாட்டுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் ஒரு வீலைக் கழற்றும்போது பதில் பிடிபட்டது.

"ஏட்டி, சக்கரம் சுத்தணும்னா அச்சோட ஒட்டியிருக்கக் கூடாது. ஒட்டாத உறுப்புக்கு ரத்தம் எப்படிப் போவும்? ஒரு நரம்பு விட்டாத்தான் உண்டு."

"நரம்பு விட்டா முறுக்கிக்கிடும்லங்க," என்றாள், தம்ளரோடு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடியே. "எங்க மெஷின்ல பஞ்சு அப்படித்தான நூலாவுது? நாலு எட்டு போறதுக்குள்ள மாடு செத்துரும்."

அத்தோடு அவள் விடவில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது தேரடியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"எம்புட்டுப் பெரிய சக்கரம், பாத்தீயளா? நாலு வீதியத் தாண்டிப் போவுதா? ரோடு போட்டாத்தான் சக்கரம். காட்டுல மாட்டுக்கு எவன் ரோடு போட்டான்?"

"மில்லுல தரை வழவழன்னு இருக்குல்லட்டி. ஒழுங்காப் பழகு!" என்று எரிந்து விழுந்தேன். அவள் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு.

பழகிவிட்டாள். சும்மா இல்லை, அந்த ஷிஃப்டிலேயே அவளைப் பிடிக்க ஆள் இல்லை என்று சூப்பர்வைசரே சொன்னாராம். ஒரு நாள் சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். சீரியல் முடியும்வரை அந்தக் கால் ஆடவே இல்லை. சந்தோஷத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாசம் அவளுக்கு இன்னும் ரெண்டு மெஷின் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சக்கரத்தில் போயும் அலைச்சலும் வலியும் பழைய கணக்குக்கே வந்துவிட்டன. கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

"நாளைக்கே நான் வந்து கேக்கேன்," என்று குதித்தேன்.

"நீங்க கேப்பீய, அவிய வேற ஆளப் போடுவாக." முழங்காலில் தைலம் தேய்த்தபடியே சொன்னாள். "நம்மதான் நரம்பு, ரோடுன்னு என்னென்னமோ பேசிக்கிட்டு இருந்தோம். மாட்டுக்கு மட்டும் சக்கரம் முளைச்சிருந்தா, உழுறதுக்கு இன்னும் ரெண்டு ஏக்கர் குடுத்திருப்பாகங்க."