ஒரு நாள் முழுவதும் குற்றவாளி

போன ஞாயிறு மெட்னி காட்சிக்கு மகளையும் என் அக்காவையும் படத்துக்குக் கூட்டிப்போனேன். வாசல் சுவரொட்டியில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. குடும்பப் படம் என்று நம்பிவிட்டேன்!

பிள்ளைகளே, கதையில் ஒரு பெண் எழுத்தாளர். தனியே இருக்கிறாள். எழுதுகிறாள்... குடிக்கிறாள். காலையிலேயே தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறாள். கதை கேட்டுப் பத்திரிகைக்காரர் வந்தால், கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை மட்டும் பயமில்லாமல் அவளிடம் போகும்.

ஒரு நாள் அந்தக் குழந்தையைக் காணவில்லை. இவள் சேலையில் சேறு. கையில் கீறல். 'எங்கே போனாய்?' என்றால், 'ஞாபகம் இல்லை' என்கிறாள். ஊரே அவள் வாசலில் திரண்டு நிற்கிறது...

கரண்ட் நின்றுவிட்டது!

விசிலடி ஓய்ந்த பிறகு மனேஜர் டோர்ச்சோடு வந்தார். "டிக்கற்றின்ர பாதித் துண்டைப் பத்திரமா வைச்சிருங்கோ. நாளைக்குப் பின்னேரம் மிச்சத்தைப் போடுறம்." எங்கள் ஊர்த் தியேட்டரில் இது வழமைதானே?

வீடு வரும் வழியிலேயே அக்கா தீர்ப்பெழுதிவிட்டார். "அவள்தான் பிள்ளையை எடுத்தவள். வேற ஆர்? பாத்தியே தம்பி, எழுதுற பொம்பிளையின்ர கெதி! உன்ர மேளும் கதவைச் சாத்திப்போட்டுத்தான் எழுதுறாள். இப்பவே நிப்பாட்டு."

மகள் பள்ளிக்கூடச் சஞ்சிகைக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தாள். என் முகத்தையே பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முடிவைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

ஒரு படத்தின் முடிவில் மகளின் பேனாவைக் கட்டித் தொங்கவிட்ட தகப்பன் நான்!

அடுத்த நாள் துறைமுக வேர்க்‌ஷொப்பிலும் இதே கதைதான். பாதிப் பேரின் பொக்கற்றில் பாதித் துண்டு. "சேறு எப்பிடி வந்த? அதச் சொல்லுங்க," என்றார் கிண்ணியாவிலிருந்து வரும் காசிம் நானா. "குடிக்கிற ஆள் என்னத்தையும் செய்யும்," என்றார் வின்ச் ஓட்டும் செல்லையா அண்ணர். சொன்னவர் வாயிலேயே முதல்நாள் சாராய வாசம்!

நானா விடவில்லை. "அப்ப உங்கட பக்கத்து வீட்டுல புள்ள காணாமப் போனா, முதல்ல உங்களத்தான் புடிக்கணும்."

"நான் ஆம்பிளையெல்லோ!"

சிரித்தோம். ஆனால் நான் மட்டும் ஒழுங்கா? அன்று காலை மகளின் அறைக்குள் மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தேன். மை வாசம்தான் வந்தது. சந்தேகம் வந்துவிட்டால் மூக்குக்குக்கூட வெட்கம் இருப்பதில்லை.

பின்னேரம் மிச்சப் படம். குழந்தை கோயில் தேர்க் கொட்டகைக்குள் நித்திரை. அதைத் தேடிக் குளக்கரையெல்லாம் அலைந்து, குடிவெறியில் விழுந்தெழும்பியவள் இவள். வாசலில் நின்ற கூட்டம் கலைந்தது. ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் உள்ளே போனாள்... திரும்பவும் கோப்பையில் ஊற்றினாள்.

"பாத்தியே! பிறகும் குடிக்கிறாள்!" அக்காவுக்கு வெற்றி.

மகள் மெதுவாகச் சொன்னாள். "மாமி, அவ குடிக்கிறா எண்டதும் உண்மை. பிள்ளையை எடுக்கேல்ல எண்டதும் உண்மை. ரண்டும் ஒரே ஆள்தானே?"

 

குடி பொல்லாததுதான், பிள்ளைகளே. அந்தப் பெண் குளக்கரையில் விழுந்தெழும்பியதைப் பார்த்தவன் சொல்கிறேன். ஆனால் ஒருவரிடம் ஒரு குறை கண்ணில் பட்டதும், ஊரில் ஆளில்லாமல் கிடக்கும் குற்றங்களையெல்லாம் அவர் தலையில் ஏற்றிவிடுகிறோமே... அது எந்தப் போத்தலில் வந்த வெறி?

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "நீ எழுது பிள்ளை. கதவையும் சாத்திக்கொள்." பிறகு ஆசை விடவில்லை. "எழுதின மட்டும் அப்பா ஒருக்கா வாசிக்கட்டே?"

"இப்ப ஏலாது அப்பா. முடியட்டும். பாதியில வாசிச்சா நீங்கள் தீர்ப்புச் சொல்லிப்போடுவீங்கள்."