கலியாணத்துக்கு முதல்நாள் தேய்ச்ச சுவர்

இண்டைக்குக் கிளிநொச்சியில பெயின்ற் வாங்கப் போனனாங்கள். கடைக்காரர், "மினுங்கிறதோ, மினுங்காததோ?" எண்டு கேட்டார். நானும் என்ர அவரும் சிரிச்ச சிரிப்பில கடைக்காரர் பயந்திட்டார்.

எண்பதுகளின்ர தொடக்கம். எங்கட கலியாணத்துக்கு முதல்நாள்.

மணவறை வைக்கிற சுவருக்கு அப்பா ஆசையாப் பச்சை எனாமல் அடிச்சிருந்தார். கண்ணாடி மாதிரி மினுங்கிச்சு. கலியாணப் படம் எடுக்க இடம் பாக்க வந்த படக்காரர், "பிளாஷ் பட்டா சுவர்தான் தெரியும், முகம் தெரியாது" எண்டார்.

அப்பா வாடிப்போனார். "மெல்லத் தேய்ச்சா மினுக்கம் போயிடும் அப்பா" எண்டு சாண்ட் பேப்பரை எடுத்து நானே தொடங்கினன்.

அந்த நேரம் பளையிலயிருந்து கதிரை ஏத்தின லொறி வந்தது. இறங்கினது மாப்பிள்ளை! அதுவரைக்கும் ஒருத்தரையொருத்தர் படத்தில மட்டும்தான் பாத்திருக்கிறம்.

"கலியாணப் பொம்பிளை எங்கை?" எண்டு என்னட்டையே கேட்டார்.

தலையெல்லாம் பச்சைத் தூளோடை, "நான்தான்" எண்டன்.

அவர் சேட்டுக் கையை மடிச்சார். "எனக்கும் ஒரு துண்டு தாங்கோ."

பின்னேரத்துக்குள்ள சுவர் மங்கிட்டுது. அப்பா சிரிச்சார்.

அடுத்தநாள் தாலி கட்டேக்க பாத்தன், அவரின்ர நகத்துக்குள்ள எல்லாம் பச்சை. என்ரையும் அப்பிடித்தான்.

உங்கட ஆளோடை நீங்கள் கதைச்ச முதல் கதை என்ன? பொய் சொல்லாமல் எழுதுங்கோ.